அமெரிக்கப் படை ஆவணத்தில் பதக்கம் விடுபட்டிருந்தால் செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்கப் படையிலிருந்து விலகுகிறவர் கையில் கடைசியாகக் கொடுக்கப்படும் தாள் டிடி-214. எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், என்ன வேலை பார்த்தார், என்னென்ன பதக்கம் பெற்றார் என்று எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்கடன், மருத்துவம் தொடங்கி, ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்வது வரை இதைத்தான் கேட்பார்கள். ஆனால் இதை நிரப்புவது யாரோ ஓர் எழுத்தர். ஊருக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் சிப்பாய் சரியாகப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். பல ஆண்டுகள் கழித்து மகளோ பேரனோ எடுத்துப் பார்க்கும்போதுதான், அவர் வாயால் சொன்ன பதக்கம் தாளில் இல்லை என்பது தெரியவரும்.

நம்மவர்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. மொழித் திறனுக்காகக் கிரீன் கார்டு இல்லாதவர்களையும் அமெரிக்க ராணுவம் சேர்த்துக்கொண்ட 'மாவ்னி' திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்தச் சேர்க்கை 2016இல் நின்றுபோனது. அப்படிச் சேர்ந்தவர்கள் பலர் இன்று முன்னாள் வீரர்கள்.

விடுபட்ட பதக்கத்தைச் சேர்க்கச் சட்டப்படி வழி இருக்கிறது. ஆனாலும் பலர் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். தகுதி இல்லாததால் அலைபவர்களைவிட, தவறான கதவைத் தட்டியதால் அலைபவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

எந்தச் சிக்கல் என்று பார்க்காமலே விண்ணப்பிப்பது

'பதக்கம் விடுபட்டுவிட்டது' என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று விதமான சிக்கல்கள் இருக்கின்றன.

முதல் வகை, பதக்கம் முறையாக வழங்கப்பட்டு ஆணையும் பணிக்கோப்பில் இருக்கும், டிடி-214இல் மட்டும் ஏறியிருக்காது. இது வெறும் எழுத்துப் பிழை. ஆதாரத்தைக் காட்டினால் டிடி-215 என்ற திருத்தத் தாளைக் கொடுப்பார்கள்.

இரண்டாவது வகை, தனிப்பட்ட வீரச்செயலுக்காக இல்லாமல் குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் இருந்தாலே கிடைக்கும் பதக்கம். வியட்நாம் சென்ற தரைப்படையினரை எடுத்துக்கொள்ளுங்கள். தென்வியட்நாம் அரசின் வீரச் சிலுவைப் பிரிவுப் பாராட்டை அங்கே பணியாற்றிய தரைப்படைப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அறிவித்த ஆணை 1974இல்தான் வந்தது. 1970இல் ஊர் திரும்பியவரின் தாளில் அது எப்படி இருக்கும்? எழுத்தர் மேல் குற்றமே இல்லை. கொரியப் போர் வீரர்களுக்குத் தென்கொரியா கொடுத்த போர்ப் பதக்கத்தை ஏற்க அமெரிக்கா அனுமதித்தது 1999இல். போர்க்கைதிகளுக்கான பதக்கம் 1985இல் உருவாகி, 1917 ஏப்ரல் வரை பின்னோக்கிச் செல்லுபடியானது. முதல் இரண்டுக்கும் அவர் அந்தக் காலத்தில் அந்த இடத்தில் இருந்தார் என்று காட்டினாலே போதும். மூன்றாவதற்கு அவர் போர்க்கைதியாக இருந்தார் என்று காட்ட வேண்டும்.

மூன்றாவது வகைதான் கடினமானது. அதிகாரி பரிந்துரை எழுதியிருப்பார், அது வழியில் தொலைந்திருக்கும். அல்லது எழுத வேண்டியவரே போரில் இறந்திருப்பார். அதாவது பதக்கம் வழங்கப்படவே இல்லை. இதைத் 'திருத்தம்' என்று கேட்டால் திரும்பி வந்துவிடும். இதற்கு வேண்டியது புதிய பரிந்துரை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 1130ஆம் பிரிவின்படி, காலக்கெடு கடந்த பரிந்துரையை அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் வழியாக அனுப்பினால், படைத்துறை அதை எடுத்துப் பரிசீலித்துப் பதில் சொல்லியாக வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

வி.ஏ.வுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பது

படைவீரர் நலத்துறையை எல்லோரும் வி.ஏ. என்பார்கள். ஓய்வூதியமும் மருத்துவமும் அங்கிருந்து வருவதால் ஆவணமும் அங்கேதான் இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் படைப் பணி ஆவணத்தைத் திருத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது. பழைய பணிக்கோப்புகள் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கின்றன. பிற்காலத்தவரின் கோப்புகள் மின்னணு வடிவில் அந்தந்தப் படையிடம் இருக்கின்றன. எஸ்எஃப்-180 என்ற கோரிக்கைப் படிவத்தோடு வரும் அட்டவணை, எந்தப் படை, எப்போது விலகியவர் என்பதைப் பொறுத்து எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடும். அதைப் புரட்டிப் பார்க்காமல் அனுப்புகிறவர்களே அதிகம்.

டிடி-214ஐ மட்டும் கேட்பது

பதக்கம் விடுபட்ட அதே தாளின் இன்னொரு நகலை வரவழைத்து என்ன பயன்? எஸ்எஃப்-180இல் முழுப் பணிக்கோப்பும் வேண்டும் என்று எழுதுங்கள். பதக்க ஆணை, பதவி உயர்வு, இடமாற்றம் எல்லாம் அதில்தான் இருக்கும். டிடி-214இல் இல்லாத பதக்கத்தின் ஆணை, கோப்பின் நடுவே சும்மா கிடப்பது உண்டு. அப்படிக் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது.

படிவத்தில் வீரரின் கையெழுத்து வேண்டும். அவர் இறந்திருந்தால் நெருங்கிய உறவினரின் கையெழுத்து. இங்கேதான் பேரப்பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். மறுமணம் செய்யாத மனைவி அல்லது கணவன், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரைத்தான் ஆவண மையம் நெருங்கிய உறவாக ஏற்கிறது. நம் வீட்டு வழக்கத்தில் பேரனுக்கு இல்லாத உரிமையா என்று தோன்றலாம், ஆனால் அங்கே விதி அப்படி. சரி, பேரன் என்ன செய்வது? அம்மாவையோ சித்தப்பாவையோ கையெழுத்துப் போடச் சொல்லலாம். வீரர் பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்துவிட்டால் அந்தக் கோப்பு பொது ஆவணமாகிவிடும். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். வீரரோ நெருங்கிய உறவினரோ சாதாரணமாகக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. டிடி-214 எடுத்துத் தருகிறோம் என்று பணம் பறிக்கும் தனியார்களிடம் ஏமாற வேண்டாம்.

'எரிந்துவிட்டது' என்ற கடிதத்தோடு விட்டுவிடுவது

1973 ஜூலை 12 நள்ளிரவு தாண்டிய நேரத்தில் செயின்ட் லூயிஸ் மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. அந்த மாடியில் தீயணைப்பு நீர்த்தெளிப்பான்கள் இல்லை. கோப்புகளுக்கு மாற்றுப் படியோ நுண்படச் சுருளோ இல்லை. முழுவதும் அணைக்கச் சில நாட்கள் ஆயின. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போனது. விமானப் படையில் 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி 1 வரை விலகியவர்களில், அகர வரிசையில் 'ஹப்பர்ட்' என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகள் சுமார் 75 விழுக்காடு போயின.

இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கடற்படை, மரைன் (கடல்வழித் தாக்குதல் படை) கோப்புகளுக்கு இந்தத் தீயால் பாதிப்பு இல்லை. வியட்நாம் காலத் தரைப்படைக் கோப்புகளும் அந்தக் கணக்கில் வராது. அப்படிப்பட்டவரின் குடும்பமும் 'எல்லாம் எரிந்துபோச்சாம்' என்று கேள்விப்பட்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், உண்மையிலேயே கோப்பு எரிந்தவர்கள் அந்தக் கடிதத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கோப்பு போனாலும் அந்த மனிதர் வேறு இடங்களில் விட்ட தடயம் போகவில்லை. இறுதிச் சம்பளச் சீட்டுகள் தனியாக இருக்கின்றன. கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவு ஒவ்வொன்றும் தினமும் எழுதிய 'மார்னிங் ரிப்போர்ட்' இருக்கிறது. யார் காயம்பட்டார், யார் மருத்துவமனைக்குப் போனார், யார் திரும்பி வந்தார் என்பதெல்லாம் அதில் வரும். 1942-45, 1950-54 ஆண்டுகளின் ராணுவ மருத்துவமனைச் சேர்க்கைத் தகவல்களில் ஒரு பகுதி கணினி நாடாவில் தப்பியிருந்து 1988இல் ஆவண மையத்துக்குக் கிடைத்தது. போர்க்களப் பிரிவு அறிக்கைகள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அப்புறம், போர் முடிந்து திரும்பிய பலர் தங்கள் விடுவிப்புத் தாளைச் சொந்த ஊர் கவுண்டி (மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் பதிவு செய்து வைத்தார்கள். அங்கே கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

மையம் அனுப்பும் கேள்விப் படிவத்தில் பிரிவு, கம்பெனி, தொடர் எண், ஏறக்குறைய எந்த மாதம் என்பதை எழுதினால்தான் அவர்களால் தேட முடியும். 'அவர் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் இருந்தார்' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது.

பர்ப்பிள் ஹார்ட்

போரில் காயம்பட்டவர்களுக்கான பதக்கம் இது. அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுதான். காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டிருக்க வேண்டும். மருத்துவ அதிகாரியின் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சிகிச்சை ஆவணத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் காட்டாமல், போர்க்களத்தில் இருந்தார், காலில் தழும்பு இருக்கிறது என்பதால் மட்டும் கிடைக்காது. ஜீப் கவிழ்ந்த விபத்து, ஈரப் பதுங்குகுழியில் பாதம் அழுகுவது, போருக்குப் பிந்தைய மன அழுத்தம் எதுவும் இதில் சேராது. 'வி.ஏ. எனக்கு இந்தக் காயத்துக்கு ஊனச் சதவீதம் கொடுத்திருக்கிறதே' என்பது நியாயமான கேள்விதான், ஆனால் வி.ஏ. பார்க்கிற அளவுகோல் வேறு, அந்த முடிவு படைத்துறையைக் கட்டுப்படுத்தாது.

ஆவணம் இல்லாத இடத்தில் உடன் பணியாற்றியவரின் சாட்சிக் கடிதம் உதவும். அதிலும் தவறு நடக்கிறது. 'அவர் ஒரு மாவீரர், நாட்டுக்காக ரத்தம் சிந்தியவர்' என்று இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதிய கடிதத்துக்கு ஆவணத்தைத் திருத்தும் வாரியத்தில் மதிப்பில்லை. எந்த நாள், எந்த இடம், நான் எங்கே நின்றேன், என் கண்ணால் என்ன பார்த்தேன், யார் அவரைத் தூக்கிப்போனார்கள் என்று ஐந்து வரி இருந்தால் அதற்குத்தான் எடை. கேள்விப்பட்டதை எழுதினால் மற்ற வரிகளின் நம்பகத்தன்மையும் போய்விடும்.

நட்சத்திரக் குழப்பம்

இரண்டாம் உலகப் போர் விடுவிப்புத் தாளில் 'மூன்று வெண்கல நட்சத்திரங்களுடன்' என்று பார்த்துவிட்டு, தாத்தாவுக்கு மூன்று வெண்கல நட்சத்திரப் பதக்கங்கள் வர வேண்டும் என்று எழுதும் குடும்பங்கள் உண்டு. அவை பெரும்பாலும் போர்முனைப் பதக்கத்தின் பட்டையில் குத்தும் சிறு நட்சத்திரங்கள். எத்தனை போர் நடவடிக்கைகளில் இருந்தார் என்பதற்கான அடையாளம். அந்தப் பெயரில் உள்ள பதக்கம் வேறு.

ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. 1941 டிசம்பர் 7 முதல் 1945 செப்டம்பர் 2 வரை போரில் காலாட்படை வீரர் சின்னமோ போர்க்கள மருத்துவர் சின்னமோ பெற்ற தரைப்படையினர், 1947இல் வந்த கொள்கையின்படி வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்குத் தகுதியானவர்கள். ஆனால் அது தானாக வீடு தேடி வராது, விண்ணப்பிக்க வேண்டும். தாளில் அந்தச் சின்னம் இருந்து பதக்கம் இல்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பனிப்போர் அங்கீகாரச் சான்றிதழையும் சிலர் பதக்கமாக எண்ணிச் சேர்க்கச் சொல்கிறார்கள். அது சான்றிதழ் மட்டுமே. தனியார் நிறுவனங்கள் விற்கும் நினைவுப் பதக்கங்களும் அப்படித்தான்.

வாரியத்துக்கு நேராகப் போவதும், போகாமலே இருப்பதும்

சாதாரண வழியில் முடியாதபோது ஆவணத் திருத்த வாரியம் இருக்கிறது. தரைப்படை, விமானப் படை, கடலோரக் காவல் படைக்குத் தனித்தனியாகவும், கடற்படைக்கும் மரைன்களுக்கும் சேர்த்து ஒன்றாகவும். விண்ணப்பம் டிடி-149 படிவத்தில். ஆவண மையத்தையும் படை அலுவலகத்தையும் முதலில் கேட்காமல் நேராக இங்கே வந்தால், 'முதலில் அங்கே போய்க் கேளுங்கள்' என்று திருப்பி அனுப்புவார்கள்.

பிழை தெரியவந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இதைப் படித்துவிட்டுப் பலர் படிவத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். நீதியின் பொருட்டு அந்தக் கெடுவைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஏன் தாமதம் என்பதை விளக்கப் படிவத்திலேயே இடம் இருக்கிறது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

வாரியம் விசாரணை நடத்தும் அமைப்பு இல்லை. அரசு ஆவணம் சரியானது என்ற அனுமானத்தில் தொடங்கும். தவறு என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. 'அவர் பெற்ற எல்லாப் பதக்கங்களையும் சேர்க்கவும்' என்று எழுதாமல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, அதற்கான ஆதாரத்தை அதன் பக்கத்திலேயே வையுங்கள். அசலை அனுப்பாதீர்கள், நகல் போதும். மறுத்துவிட்டாலும், முன்பு காட்டாத புதிய ஆதாரம் கிடைத்தால் எத்தனை ஆண்டு கழித்தும் மறுபரிசீலனை கேட்கலாம். பழைய கடிதத்தையே மறுபடி அனுப்புவது வீண். அமெரிக்கன் லீஜியன், டிஏவி போன்ற முன்னாள் வீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகவே உதவுவார்கள்.

பொறுமையிழந்து டிடி-214 நகலில் தானாகவே ஒரு வரி தட்டச்சு செய்து ஒட்டியவர்களும் இருக்கிறார்கள். அது குற்றம். உண்மையாகவே சம்பாதித்த பதக்கத்துக்காக அப்படிச் செய்தாலும் குற்றம்தான்.

திருத்தம் கிடைத்தால் பெரும்பாலும் பழைய டிடி-214 மாறாது. டிடி-215 தனித் தாளாக வரும். இரண்டையும் சேர்த்தே எப்போதும் கொடுக்க வேண்டும். ஆவணத்தில் ஏறுவது ஒன்று, பதக்கம் கைக்கு வருவது வேறொன்று. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். அமெரிக்கப் பதக்கங்களை அரசு அனுப்பும். தென்வியட்நாம் அரசின் போர்முனைப் பதக்கம் போல வேற்று நாடு கொடுத்தவற்றை அமெரிக்க அரசு பொதுவாக வழங்குவதில்லை. ஆவணத்தில் ஏறிய பிறகு கடையில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.