எந்த செல்லில் நீக்கினீர்கள்? சுண்டெலி ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சிபி1 ஏற்பியை நீக்கினால் எலி குறைவாகச் சாப்பிடும்." இப்படி ஒரு வரியைப் படித்துவிட்டு, சரி, சிபி1 (கஞ்சாவின் வேதிப்பொருள் வந்து ஒட்டும், செல்லில் உள்ள புரதம்) பசியைத் தூண்டும் ஏற்பி என்று மனசுக்குள் எழுதி வைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் படித்தேன். எந்த செல்லிலிருந்து நீக்கினார்கள் என்று கேட்கவே தோன்றவில்லை.

2010-இல் வந்த ஆய்வு ஒன்றைப் பாருங்கள். பட்டினி போட்ட சுண்டெலிகளுக்கு முன்னால் தீவனத்தை வைக்கிறார்கள். மூளைப் புறணியின் குளூட்டமேட் நியூரான்களில் (மற்ற நரம்பு செல்களைத் தூண்டுபவை) மட்டும் சிபி1 இல்லாதவை வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்றன, காபா நியூரான்களில் (மற்றவற்றை அடக்குபவை) மட்டும் இல்லாதவை அதிகமாகத் தின்றன. அதே ஏற்பிதான், விளைவு நேர் எதிர். காரணம் ஒன்றும் மாயமில்லை: சிபி1 நரம்பு முனையில் உட்கார்ந்து அங்கிருந்து வெளியாகும் வேதிப்பொருளைக் குறைக்கிறது. குளூட்டமேட் முனையில் அது தூண்டுதலுக்குப் போடும் பிரேக், காபா முனையிலோ பிரேக்குக்கே போடும் பிரேக். உடல் முழுக்க நீக்கினால் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் கண்ணுக்குத் தெரியும்.

ஏற்பி எங்கே அதிகமோ அங்கேதான் வேலையும் அதிகம் என்று நினைப்பது இன்னொரு பொறி. நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் சிபி1 குவிந்து கிடப்பது காபா முனைகளில். குளூட்டமேட் முனைகளில் சொற்பம். ஆனால் கைனிக் அமிலம் கொடுத்து வலிப்பு உண்டாக்கியபோது எலியைக் காத்தது அந்தச் சொற்பம்தான் என்று 2006-லேயே காட்டிவிட்டார்கள். நியூரானோடு நின்றுவிடவும் கூடாது: கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி செயல்நினைவைக் (சற்று நேரத்துக்கு மனதில் வைத்திருக்கும் நினைவை) கெடுப்பதற்கு, நியூரான் அல்லாத மூளை செல்லான ஆஸ்ட்ரோசைட்டில் உள்ள சிபி1 தேவை என்று 2012-இல் தெரிந்தது.

அப்புறம், குறிப்பிட்ட செல்லில் மட்டும் மரபணுவை நீக்கப் பயன்படும் கிரீ எலிகள். கிரீ என்பது, லாக்ஸ்பி குறிகளுக்கு இடையில் உள்ள மரபணுத் துண்டை வெட்டியெடுக்கும் நொதி. எலி வரிசையின் பெயரில் ஒரு செல் வகை இருந்தால் அங்கே மட்டும்தான் வெட்டும் என்று நம்பிவிடாதீர்கள். சில வரிசைகளில் கிரீ இனப்பெருக்க செல்களிலும் கசியும். அப்படிப் பிறக்கும் குட்டிக்கு உடல் முழுக்கவே மரபணு போயிருக்கும், நீங்கள் மட்டும் அதைக் குறிப்பிட்ட செல்லில் நீக்கியது என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள். நரம்புத் திசுவில் வெட்டுவதற்காக உருவாக்கிய நெஸ்டின்-கிரீ எலிகள் எந்த மரபணுவும் வெட்டப்படாமலே சற்று எடை குறைவாக இருக்கும், அச்ச நினைவுச் சோதனையிலும் பின்தங்கும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க லாக்ஸ்பி மட்டும் உள்ள உடன்பிறப்புகள் போதாது, கிரீ மட்டும் உள்ளவையும் வேண்டும். டமாக்சிஃபென் என்ற மருந்தைக் கொடுத்து கிரீயை முடுக்கினால் அதை எல்லாக் குழுவுக்கும் கொடுங்கள்.

எப்போது வெட்டியது என்பதும் முக்கியம். கருவிலேயே ஏற்பியை இழந்த மூளை வேறு மாதிரி வளர்ந்திருக்கும், ஆகவே அந்த எலி வளர்ந்த பிறகு காட்டும் பயம் இன்றைய ஏற்பிக் குறையால் வந்ததா, அன்றைக்கு மாறிப்போன வயரிங்கால் வந்ததா என்று அதை வைத்தே பிரிக்க முடியாது.

நடத்தைச் சோதனையில் அடிக்கடி சறுக்கும் இடம் நீர்ப் புதிர், அதாவது தண்ணீர்த் தொட்டிக்குள் மறைந்திருக்கும் மேடையை எலி நீந்திக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனை. எலி மேடையைக் கண்டுபிடிக்கவில்லை, உடனே "நினைவு போச்சு" என்று எழுதிவிடுகிறார்கள். சில எலிகள் நீந்தாமல் சும்மா மிதக்கும்! நீந்தும் வேகத்தைப் பாருங்கள், மேடையைக் கண்ணில் படும்படி வைத்தும் ஒரு சுற்று ஓட்டுங்கள். இத்தனையும் சரியாகச் செய்தாலும் இடம் மாறினால் முடிவு மாறலாம்: 1999-இல் ஆல்பனி, எட்மண்டன், போர்ட்லேண்ட் என மூன்று ஊர்களில் ஒரே வகை எலிகளை முடிந்தவரை ஒரே முறையில் சோதித்தும் சில சோதனைகளில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

கடைசியாக, வால் நுனியில் எடுத்த பிசிஆர் (டிஎன்ஏ பரிசோதனை) அந்த எலிக்கு எந்த மரபணுக்கள் வந்திருக்கின்றன என்பதைத்தான் சொல்லும். ஏற்பி எந்த செல்லில் போயிருக்கிறது என்பது மூளைச் சீவலில்தான் தெரியும், அதனால் சோதனை முடிந்த கையோடு மூளையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.