டிரான்சிஷனல் இயர்: ஒரு வருடம்தானே என்று கோட்டை விடும் இடங்கள்

அமெரிக்காவில் ரேடியாலஜி, தோல் மருத்துவம் போன்ற ரெசிடென்சிகள் (எம்.பி.பி.எஸ். போன்ற படிப்புக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சிகள்) பெரும்பாலும் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கும். முதல் ஆண்டை வேறோர் இடத்தில் முடித்துவிட்டு வரவேண்டும். அதற்கு ஒரு வழிதான் டிரான்சிஷனல் இயர். வார்டு, எமர்ஜென்சி, வெளிநோயாளர் பிரிவு, நாமே தேர்ந்தெடுக்கும் பிரிவுகள் என்று கலந்திருப்பதால் இதற்குப் போட்டி அதிகம். இடங்களோ குறைவு. “ஒரு வருடம்தானே, எங்காவது கிடைத்துவிடும்” என்ற நினைப்பில்தான் சறுக்கல் ஆரம்பிக்கிறது.

போன வருடம் ஒரு தம்பி, விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி எழுதித் தரும் பர்சனல் ஸ்டேட்மென்டைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அழகான எழுத்து, ஆனால் முழுக்க சி.டி. ஸ்கேன் படங்களைப் பற்றியே. ரேடியாலஜிக்கு எழுதியதை அப்படியே இதற்கும் போடவிருந்தார். டிரான்சிஷனல் இயர் இயக்குநருக்கு உங்கள் ஸ்கேன் காதல் முக்கியமில்லை. இரவு 2 மணிக்கு மூச்சுத்திணறும் நோயாளியை இவரை நம்பி விடலாமா என்பதுதான் அவர் கவலை. இராஸ் (ERAS) என்ற விண்ணப்பத் தளத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி ஸ்டேட்மென்ட் இணைக்கலாம். நான்கு பரிந்துரைக் கடிதங்கள் வரை அனுப்பலாம். அதில் ஒன்றாவது, வார்டில் உங்கள் வேலையை நேரில் பார்த்த பொது மருத்துவருடையதாக இருக்கட்டும்.

அப்புறம் ரேங்க் லிஸ்ட், அதாவது நாம் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்தித் தரும் பட்டியல். இதை வைத்துத்தான் கணினி இடம் ஒதுக்கும். மனசு உடைவது இங்கேதான். பிரதானப் பட்டியலில் ரேடியாலஜி இடங்களைப் போட்டுவிட்டு, அவற்றோடு முதல் ஆண்டுக்கான துணைப் பட்டியலை இணைக்க மறந்துவிடுகிறார்கள். மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை முடிவு வருகிறது: ரேடியாலஜி கிடைத்திருக்கிறது, முதல் ஆண்டு இல்லை! அந்த வாரமே, மிஞ்சிய இடங்களை நிரப்பும் சோப் (SOAP) சுற்றில் ஓடவேண்டும். அங்கே பெரும்பாலும் மிஞ்சியிருப்பது பிரிலிமினரி சர்ஜரி, அதாவது ஒரு வருட அறுவை சிகிச்சைப் பயிற்சி.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ரேடியாலஜி கிடைத்தால்தான் துணைப் பட்டியலையே கணினி பார்க்கும். அது கிடைக்காவிட்டாலும் டிரான்சிஷனல் இயர் போதும் என்றால், அதைப் பிரதானப் பட்டியலின் கடைசியிலும் சேர்க்க வேண்டும். ஆனால் யோசித்துச் சேருங்கள். அது முடிந்த பிறகு எங்கே போவது என்ற கேள்வி அப்படியே நிற்கும். இந்தியாவில் படித்தவர்களுக்குப் பல மாநிலங்களில் ஒரு வருடப் பயிற்சியை மட்டும் வைத்து முழு உரிமம் தரமாட்டார்கள்.

துணைப் பட்டியலை ஊர் வாரியாகப் பிரிப்பதும் நல்லது. பாஸ்டன் ரேடியாலஜிக்குப் பாஸ்டன் பக்கத்து இடங்கள், சிகாகோவுக்குச் சிகாகோ. இல்லையென்றால் அடுத்த ஜூனில் மறுபடி வீடு மாற்ற வேண்டியிருக்கும். கடைசி நேரத்தில் பட்டியலில் ஒரு வரியை மாற்றினாலும், பட்டியலை உறுதிசெய்யும் சர்டிஃபை பட்டனை மீண்டும் அழுத்திவிட்டு வெளியே வாருங்கள்.