தண்ணீர் பட்டால் கூசும் பிள்ளைகள்: நீச்சல் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியை, குளத்துப் படியில் உட்கார்ந்திருந்த நான்கு வயதுப் பெண் பிள்ளையின் முகத்தில் விரல் நுனியால் தண்ணீர் தெளித்தாள். விளையாட்டாகத்தான். பிள்ளை இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டு வீறிட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன்.

வழுக்கும் தரையில் ஓடக் கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெளித்துப் பழக்குவது

முதலில் காலில் நாலு துளி, அடுத்த வாரம் கையில், அப்புறம் முகத்தில். ஏணியில் ஏறுவது போலத் தோன்றும். ஆனால் தொடு கூச்சம் உள்ள பல பிள்ளைகளுக்கு மிக மோசமானது மெல்லிய, எதிர்பாராத தொடுகைதான். துளி எங்கே விழும், எப்போது விழும் என்று தெரியாது. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுருக்கென்று தைக்கும். ஷவரிலும் மழையிலும் அவர்கள் அலறுவது இதனால்தான். நெஞ்சளவு தண்ணீர் வேறு மாதிரி. அது எல்லாப் பக்கமும் ஒரே சீராக உடம்பை அழுத்திப் பிடிக்கும். கனமான போர்வைக்குள் சுருண்டுகொண்டால் அமைதியாகிற பிள்ளைகள் பலர் அங்கேயும் அமைதியாகிறார்கள். எல்லோரும் அப்படியல்ல, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இறங்க வேண்டும்.

இது எனக்குத் தெரியாமல், ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு மூன்று மாதம் தெளித்தேன். வாரத்துக்கு வாரம் அவன் மோசமானான். கடைசியில் கேட் பக்கம் வந்ததுமே கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். "தண்ணீர் என்றாலே பயம்" என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒருநாள் அவனை அழைத்துப்போக அவன் ஆயா, அதாவது பாட்டி, வந்தார். "பயமா? வீட்ல பாத்டப்புல தண்ணி ஆறிப்போற வரைக்கும் உக்காந்திருப்பானே! ஷவரத் தொறந்தாத்தான் ஓடுவான்" என்றார். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய விஷயம்.

அடுத்த வாரம் ஒரு துளிகூடத் தெளிக்கவில்லை. அவன் என் தோள்களைப் பிடித்துக்கொள்ள, நான் மெல்லப் பின்னால் நடந்தேன். தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. அழுகை நின்றது. என் தோளில் பதிந்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நான்காவது வகுப்பில் தானாகவே ஒரு காதைத் தண்ணீரில் வைத்தான். அந்த மூன்று மாதத்தையும், குடும்பம் கட்டிய பணத்தையும், அவன் பட்ட பாட்டையும் நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இன்னமும் சிலர் சொம்பால் தலையில் ஊற்றிவிட்டு "பழகிடும்" என்கிறார்கள். பழகாது. தண்ணீர் சொல்லாமல் வந்து தாக்கும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். மூன்று எண்ணிவிட்டு முக்குவதாகச் சொல்லி இரண்டிலேயே முக்குவதும் இதே கொடுமைதான்.

முதல் நாளே கேளுங்கள்: ஷவர் பிடிக்குமா, பாத்டப் பிடிக்குமா? தலை குளிப்பாட்டும்போது என்ன செய்வான்? முகம் நனைய வேண்டுமென்றால் பிள்ளையே இரண்டு உள்ளங்கையிலும் தண்ணீர் அள்ளி முகத்தில் அழுத்திக்கொள்ளட்டும். துண்டால் ஒற்றாதீர்கள், அழுத்தித் துடையுங்கள்.

சத்தத்தை மறப்பது

இங்கே பல வகுப்புகள் வீட்டுப் பின்பக்கக் குளத்தில்தான் நடக்கின்றன. குளத்தின் அடியைச் சுத்தம் செய்ய கிரீப்பி கிராலி ஓடிக்கொண்டிருக்கும். 1974இல் இந்த நாட்டிலேயே உருவான கருவி. அதன் டக்-டக் சத்தம் நமக்குப் பழகிவிட்டது. தண்ணீருக்குள் சத்தம் காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. காதை நனைத்த பிள்ளை திடீரென்று பதறினால் அந்தக் கருவியை ஓட்டும் பம்பை நிறுத்திப் பாருங்கள்.

புது நீச்சலுடை

வீட்டில் இரண்டு நாள் உலர்ந்தபடியே போட்டுப் பழகட்டும். லேபிளை வெட்டிவிடுங்கள்.

குளிர்ந்த தண்ணீர்

சின்னப் பிள்ளைகளுக்கு 30 முதல் 32 டிகிரி வேண்டும். ஜூலை இங்கே குளிர்காலம், சூடாக்காத குளத்தில் இறக்காதீர்கள், டர்பன் வெயிலை நம்பி ஏமாறவும் வேண்டாம்.

காற்றடைத்த கைப்பட்டை

உயிர் காக்காது. உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் பிள்ளை இருக்க வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் ஷவர்

நல்லபடியாக நடந்த அரை மணி நேரம் இதில் வீணாகிவிடும். பெரிய துண்டில் இறுக்கிச் சுற்றி அனுப்புங்கள், வீட்டில் டப்பில் குளிக்கட்டும்.

"பயந்தவன் பக்கம் போகமாட்டான்"

இப்படி நினைப்பது உயிருக்கே ஆபத்து. இப்படிக் கூசும் பிள்ளைகளில் ஆட்டிசம் உள்ளவர்களும் உண்டு, அவர்களில் பலர் தண்ணீரால் ஈர்க்கப்படுகிறார்கள். யாரும் பார்க்காதபோது வீட்டைவிட்டு வெளியேறி நீரில் மூழ்குவதும் நடக்கிறது. ஷவரில் அலறும் பிள்ளைக்கு, அசையாமல் பளபளக்கும் குளம் ஆசையாகவே தெரியலாம். அதனால் கை வீசி நீந்துவதற்கு முன்னால், விழுந்தால் திரும்பி விளிம்பைப் பிடிப்பதையும் மல்லாந்து மிதப்பதையும் கற்றுத்தருகிறேன். வீட்டுக் குளத்துக்கு நான்கு பக்கமும் வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு, மேலே வலை வேண்டும்.

அந்தப் பையனுக்குத் தண்ணீர் பிடிக்கத் தொடங்கிய வாரமே இதை அவன் ஆயாவிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுக் குளத்துக்குக் கதவே இல்லை என்றார். அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்காரரிடம் போய்ப் பேசியிருக்கிறார்.