சட்டைப்பையில் அடங்கும் நிகோடின்: சென்னையில் புகைப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது

பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் முடிந்து டீக்கடை ஓரம் நிற்கும் நண்பர்கள், நான் சிகரெட்டை விட்டவன் என்பதால் என்னிடம் அடிக்கடி ஒன்று கேட்பார்கள்: சட்டைப்பையில் அடங்குகிற, திரவம் தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளக்கூடிய, பொத்தான்களோடு மல்லுக்கட்ட வேண்டியிராத வேப், அதாவது மின்னணு சிகரெட், எதை வாங்கலாம்? சென்னையில் இருப்பவருக்கு இந்தக் கேள்விக்குச் சட்டப்படி எந்தக் கடையிலும் பதில் கிடையாது. தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டிலேயே மின்னணு சிகரெட்டுகளைத் தடைசெய்தது. 2019 செப்டம்பர் 18 முதல் மத்திய அரசின் தடை நாடு முழுவதும் நடப்பில் இருக்கிறது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, கொண்டுசெல்வது, விற்பது, இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது ஆகிய அனைத்தும் குற்றம். முழுப் பொருளாக இருந்தாலும் அதன் ஒரு பாகமாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்பதால், கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது, மாற்றுக் குப்பி மட்டும்தான் வேண்டும் என்ற வாதம் எடுபடாது. விற்பனை போன்ற குற்றங்களுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இருப்பு வைத்ததற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். துபாயிலிருந்து வரும் மைத்துனரிடம் சொல்லிவிடுவதும் இறக்குமதிதான்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், கள்ளத்தனமாக வரும் திரவத்தில் எவ்வளவு நிகோடின் இருக்கிறது என்பதற்கு அந்தக் குப்பியின் லேபிளைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்ற உச்சவரம்பும் அதைக் கண்காணிக்க ஆட்களும் உண்டு. இங்கே தடை இருப்பதாலேயே தரம் பார்ப்பவர் எவரும் இல்லை.

ஆகவே கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது மூன்று: பையில் அடங்க வேண்டும், நிகோடின் ஏக்கத்தைத் தணிக்க வேண்டும், இயக்குவதற்குப் பெரிய வித்தை தேவைப்படக் கூடாது. இந்த மூன்றுக்கும் பொருந்துவது மருந்துக்கடையில் அட்டையாகக் கிடைக்கும் நிகோடின் சூயிங்கம். அதோடு வாயில் கரையவிடும் மாத்திரையும் தோலில் ஒட்டும் பேட்சும் உண்டு. இவை யாவும் ஏற்கெனவே நிகோடினுக்குப் பழகிவிட்ட பெரியவர்களுக்கு மட்டுமே. புகைக்காதவர் தொட வேண்டிய பொருள் அல்ல.

சூயிங்கம் பிறந்த கதை அதைச் சரியாக மெல்வதற்கும் உதவும். 1960களின் பிற்பகுதியில், சுவீடன் நாட்டு நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் உள்ளே புகைக்க முடியாதபோது வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறுவதை லுண்ட் நகர ஆய்வாளர் ஒருவர் கவனித்து, ஹெல்சிங்போரியில் லியோ என்ற மருந்து நிறுவனத்தில் இருந்த ஓவே ஃபெர்னோவிடம் சொன்னார். ஃபெர்னோ நிகோடினை ஒரு வகைப் பிசினோடு பிணைத்துச் சூயிங்கத்துக்குள் வைத்தார். மென்றால் மட்டுமே அது சிறிது சிறிதாக விடுபடும். 1978இல் சுவிட்சர்லாந்திலும் 1984இல் அமெரிக்காவிலும் இதற்கு அனுமதி கிடைத்தது. 2022ஆம் ஆண்டின் இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் நிகோடின் மாற்று மருந்துகள் இடம்பெற்றிருக்கின்றன.

வாங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சிகரெட்டை இழுத்தால் நிகோடின் சுமார் பத்து இருபது விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். சூயிங்கத்தில் அது வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் சேர வேண்டும். உச்சத்தைத் தொட ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். ‘மென்று பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை’ என்று முதல் நாளே அட்டையை மேசை இழுப்பறைக்குள் எறிபவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள். ‘ஏக்கம் வந்த பிறகு மெல்லலாம்’ என்றிருப்பது தாமதம். ஏக்கம் வரும் நேரம் தெரியுமாதலால், அதற்கு முன்பே மென்றுகொண்டிருக்க வேண்டும்.

எத்தனை மில்லிகிராம் என்பதைத் தீர்மானிக்க ஒரு நாளில் எத்தனை சிகரெட் என்று எண்ணுவதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. காலையில் கண் விழித்ததிலிருந்து முதல் சிகரெட்டைப் பற்றவைக்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் என்றால் உங்களுக்கு 4 மில்லிகிராம். பல் துலக்கி, குளித்து, சிற்றுண்டி முடித்து, வண்டியை எடுக்கும்போதுதான் என்றால் 2 மில்லிகிராம் போதும். நம் நாட்டில் 2 மில்லிகிராம் மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் எழுதித்தர வேண்டும். எழுந்தவுடன் பற்றவைப்பவர்கள் மருத்துவரிடம் போகச் சோம்பி 2 மில்லிகிராமை வாங்கி மென்று, போதாமல், இரண்டாம் வாரமே பெட்டிக்கடைக்குத் திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மருந்துக்கடையில் உங்களிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி, “மிண்டா, பானா சார்?” என்பதாகத்தான் இருக்கும். சுவை உங்கள் விருப்பம். ஆனால் பாக்கு போட்டுப் பழகியவர் பான் சுவையைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. விட நினைக்கும் பொருளின் நினைவையே வாயில் வைத்துக்கொண்டிருப்பானேன்? அட்டையில் காலாவதி நாளைப் பாருங்கள். ஓர் அட்டையோடு நிறுத்திவிடாதீர்கள். கணக்கு கீழே வருகிறது.

இனி மெல்லும் முறை. பெயர் சூயிங்கம் என்றாலும் இதைச் சூயிங்கம் போல மெல்லக் கூடாது. ஒன்றை வாயில் போட்டு மிக மெதுவாக மெல்லுங்கள். பத்துப் பதினைந்து முறை மென்றதும் மிளகைக் கடித்தாற்போல் ஒரு காரம், நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஒரு கூச்சம் தெரியும். தெரிந்த அந்த நொடியே மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் அதை ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்க ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அடங்கியதும் மறுபடி சில முறை மென்று, இம்முறை அடுத்த கன்னத்தில் ஒதுக்குங்கள். மென்றும் காரம் வராமல் போகும்வரை, அதாவது ஏறத்தாழ அரை மணி நேரம், இப்படியே செய்ய வேண்டும். ஊறும் உமிழ்நீரை உடனுக்குடன் விழுங்காமல் சற்று வாயிலேயே நிறுத்துவதும் உதவும்.

விடாமல் மென்றால் என்ன ஆகும் என்பதை நான் கிண்டி ரயில் நிலைய மேடையில் கற்றேன். அவசரத்தில் ஒன்றைப் போட்டுப் பல்லால் அரைத்துத் தள்ளினேன். வண்டி மாம்பலம் வருவதற்குள் விக்கல் பிடித்து, தொண்டை எரிந்து, எதிர் இருக்கைப் பெரியவர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டும் நிலைக்கு வந்துவிட்டேன். விடுபட்ட நிகோடின் கன்னத்தில் சேர நேரமில்லாமல் உமிழ்நீரோடு வயிற்றுக்குப் போனதுதான் காரணம். வயிற்றுக்குப் போன நிகோடினின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுவதால் ஏக்கமும் தீராது. விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் மட்டும் மிஞ்சும். தாடை வலித்தாலும் வேகமாக மெல்கிறீர்கள் என்றே பொருள். பொய்ப்பல் கட்டியவர்களுக்கும் தாடை மூட்டில் தொல்லை உள்ளவர்களுக்கும் கரையவிடும் மாத்திரையே பொருத்தம். அதைக் கடிக்காமல், மெல்லாமல், அவ்வப்போது பக்கம் மாற்றிக் கரையவிட வேண்டும்.

நம் ஊர்ச் சாப்பாட்டுக்கும் இந்த மருந்துக்கும் உள்ள பகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாயில் புளிப்புத்தன்மை இருந்தால் நிகோடின் உட்தோல் வழியே சரியாக ஏறாது. காபி, எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் ஆகியவற்றைத்தான் வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும். ரசமும் மோரும் புளிச்சோறும் அதே வரிசையில் வரும் என்று நாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பும், மெல்லும்போதும், தண்ணீர் தவிர எதுவும் கூடாது. மதியம் மோர்சாதத்தோடு முடித்தவுடன் தம் அடிக்கும் வழக்கம் உள்ளவர், வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வந்து போடட்டும். டீக்கடையில் ஒரு கையில் கிளாஸ், மறு கையில் சிகரெட் என்று பழகியவருக்கு இதுவே கடினமான இடம்: கிளாஸைப் பிடித்துக்கொண்டே சூயிங்கத்தையும் மெல்ல முடியாது. முதல் சில வாரங்களுக்கு டீயின் நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

காபியைக் குறைக்க வேறொரு காரணமும் இருக்கிறது. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலை முடுக்கி, காஃபீனை வேகமாகச் சிதைக்கச் செய்கின்றன; புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. வழக்கமான மூன்று டபரா காபியே இப்போது கூடுதலாக வேலை செய்து, படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அதை நிகோடின் ஏக்கம் என்று தவறாக எண்ணிக்கொள்வோம். அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். மனநலத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ மாத்திரை எடுப்பவர்கள் புகையை விடப்போவதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அவற்றுள் சிலவும் இதே வழியில்தான் சிதைகின்றன.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் காட்டுவது அடுத்த தவறு. முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்குக் குறைந்தது ஒன்பது. ஏழாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. பன்னிரண்டாம் வாரம் வரை நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாளில் 24ஐத் தாண்டக் கூடாது. நாளுக்குப் பத்து என்று வைத்தாலே முதல் ஆறு வாரத்துக்கு 420 ஆகிறது. இந்தக் கணக்கைப் பார்த்து மலைப்பவர், அதே ஆறு வாரத்தில் தான் வாங்கும் சிகரெட்டுகளின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

நாள் முழுவதும் ஒரே சீராக ஏக்கம் இருப்பவர்கள் பேட்சைக் கேட்கலாம். எல்லாக் கடைகளிலும் இருப்பில் இராது, சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். 21, 14, 7 மில்லிகிராம் என்று இறங்குவரிசையில் வரும். நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர் பொதுவாக 21இல் தொடங்குவார். பேட்சோடு இடையிடையே சூயிங்கமும் சேர்ப்பது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் அளவை மருத்துவர் சொல்லட்டும். சென்னையில் பேட்சுக்கு எதிரி வியர்வை. குளித்ததும் துவட்டி, மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்று, தோல் நன்றாக உலர்ந்த பிறகு, முடி இல்லாத மேற்கையிலோ முதுகின் மேற்புறத்திலோ ஒட்டிப் பத்து விநாடி உள்ளங்கையால் அழுத்துங்கள். அன்று தேங்காய் எண்ணெயோ பவுடரோ அந்த இடத்தில் படக் கூடாது. மறுநாள் வேறு இடம். இரவில் விசித்திரமான கனவுகள் தொல்லைப்படுத்தினால் படுக்கும்முன் கழற்றிவிடலாம்.

கருவுற்றிருப்பவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடங்கக் கூடாது. தனியாகச் சமாளிக்க முடியாது என்று தோன்றினால், சிகரெட் பெட்டியின் மீதே அச்சாகியிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்; அடையாறு புற்றுநோய் மையத்திலும் புகையிலைப் பழக்கத்தை விடுவிக்கும் பிரிவு இருக்கிறது.

கடைசியாக, வைக்கும் இடம். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்த சூயிங்கம் உருகி அட்டையோடு ஒட்டிப்போகும். சட்டைப்பையிலோ கைப்பையிலோ அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச்சென்று, மீதியை வீட்டில் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மென்று முடித்த சூயிங்கத்திலும் கழற்றிய பேட்சிலும் நிகோடின் மிச்சம் இருக்கும். முதலாவதைக் காகிதத்தில் சுருட்டியும், இரண்டாவதை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்தும், மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போட வேண்டும். குழந்தை தெரியாமல் வாயில் போட்டுவிட்டால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல், அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.