நிட்டினால் கம்பியில் ‘ப’ வடிவத்தைப் பதிய வைப்பது எப்படி?

முதலில் சரியான கம்பி. நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சரிபாதி அணுக்களாகக் கலந்த உலோகம்தான் நிட்டினால். வளைத்துவிட்டுச் சூடேற்றினால், தன்னில் பதிந்த வடிவத்துக்கே திரும்பும். உருமாறும் வெப்பநிலை, அதாவது அப்படித் திரும்பும் சூடு, 60–70 டிகிரி செல்சியஸ் என்று குறிப்பிட்ட 0.5 மி.மீ. கம்பியில் 15 செ.மீ. போதும். பல் கிளிப்புக்குப் போடும் கம்பியும் நிட்டினால்தான். ஆனால் அது அறை வெப்பத்திலேயே துள்ளி நிமிர்ந்துவிடும், இதற்கு ஆகாது.

அடுத்து அச்சு. 3 மி.மீ. ஸ்டீல் தகட்டில் 40 மி.மீ. சதுரமாக நான்கு துளைகள் போட்டு, 10 மி.மீ. போல்ட்டுகளை மாட்டுங்கள். கீழிரண்டு போல்ட்டையும் சுற்றிக் கம்பியை வளைத்து, முனைகளை மேலிரண்டில் வாஷருக்கு அடியில் கொடுத்து இறுக்குங்கள். இங்கே அலட்சியம் கூடாது: சூடேறும்போது கம்பி தன் பழைய நேர்வடிவத்துக்குத் திமிறும். லேசாகத் தளர்ந்தாலும் ‘ப’ கோணலாகத்தான் பதியும்.

மெல்லிய போல்ட் போட்டால் மூலை அழகாக வரும் என்று தோன்றும். ஆனால் நிட்டினால் சுமார் 8 சதவீத நீட்சி வரைதான் மீளும். 10 மி.மீ. போல்ட்டில் வளைவின் வெளிப்புறம் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக நீளும், 4 மி.மீ. போல்ட்டில் 11 சதவீதம். கம்பியை நிமிர்த்தும்போதும் அதே அளவு இழுபடும், பிறகு முழுதாக மீளாது.

துத்தநாகம் பூசிய தகடும் போல்ட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

உலையை 500 டிகிரிக்கு ஏற்றி, அச்சை வையுங்கள். தகடு முழுச்சூடு ஏறியபின் 10–15 நிமிடம். நீண்ட இடுக்கியால் எடுத்து, அப்படியே வாளித் தண்ணீரில் முக்குங்கள். கம்பி நீலமாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் பயப்படாதீர்கள், அது மேற்பரப்பு ஆக்சைடுதான். கேஸ் டார்ச்சிலும் செய்வார்கள். சூடு ஓரிடத்தில் குறைந்து ஓரிடத்தில் மிஞ்சும். மிஞ்சிய இடம் தளர்ந்து, மீளும் வேகம் போய்விடும்.

கழற்றியதும் ‘ப’வின் கால்கள் சற்று விரிந்தால், சூடு போதவில்லை அல்லது நேரம் குறைந்தது. மறுபடி பூட்டிச் சூடேற்றலாம்.

இனி சோதனை: கம்பியைக் கையால் நிமிர்த்தி, 85 டிகிரி வெந்நீரில் இடுக்கியால் விடுங்கள். நொடியில் ‘ப’ எழுந்து நிற்கும். ஆறிய கம்பியை எப்படி வளைத்தாலும் இந்தப் பதிவு அழியாது, கூர்மையாக மடிக்காதவரை. வேறு எழுத்து வேண்டுமென்றால் வேறு அச்சு, மறுபடியும் 500 டிகிரி.