வேக ஒப்பீட்டில் நியாயம் கேட்பது எப்படி

ஒரு நிரல்மொழி இன்னொரு நிரல்மொழியைவிட இத்தனை மடங்கு வேகம் என்று யாராவது சொன்னதும், எல்லோரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். நான் எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் இரண்டு நிரல்களையும் அருகருகே திறந்துவைத்து, இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா என்று வரிவரியாகப் படிப்பேன். முக்கால்வாசி விவகாரம் அங்கேயே வெளியே வந்துவிடும்.

ஒரு பெரிய உரைக் கோப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நிரலை எடுத்துக்கொள்வோம். பைத்தான் 3-இல் கோப்பைச் சாதாரணமாகத் திறந்தால், கோப்பில் எண்களாகக் கிடக்கும் பைட்டுகளை யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுத் தரம்) எழுத்துகளாக மாற்றிவிட்டுத்தான் அது உங்கள் கையில் கொடுக்கும். அப்புறம் உரையைச் சொற்களாக வெட்ட ஸ்ப்ளிட் என்று எழுதினால், யூனிகோடில் உள்ள எல்லா வகை இடைவெளிகளிலும் வெட்டும். சி-யில் எழுதியவர் பைட்டுகளை அப்படியே படித்து, 32 என்ற பைட்டும் (சாதாரண இடைவெளி) வரி முடிவும் வந்த இடங்களில் மட்டும் வெட்டியிருப்பார். கோப்பில் வரி உடையாத இடைவெளி (அந்த இடத்தில் வரி மடங்காமல் தடுக்கும் தனி யூனிகோட் எழுத்து) ஒன்று இருந்தால் போதும், இரண்டும் வேறு வேறு விடை தரும். அதனால் நேரத்தை அளப்பதற்கு முன் இரண்டின் வெளியீட்டையும் டிஃப் (வித்தியாசம் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். விடையே ஒன்றாக இல்லை என்றால் வேகத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அதே நிரலை ரஸ்டில் எழுதினால் இன்னொரு கேள்வி வரும். சொல்லையும் அதன் எண்ணிக்கையையும் சேர்த்து வைக்கும் அட்டவணைதான் ஹாஷ்மேப்; ஒவ்வொரு சொல்லையும் எங்கே வைப்பது என்று கணக்கிடுவது ஹாஷ். ரஸ்டின் ஹாஷ்மேப், பல சொற்களை வேண்டுமென்றே ஒரே இடத்தில் மோதவைத்து நிரலை முடக்கும் தாக்குதலைத் தடுக்க, சிப்ஹாஷ் என்ற சற்று மெதுவான முறையைப் பயன்படுத்துகிறது. எதிர்ப்பக்கம் அந்தப் பாதுகாப்பு இல்லாத ஹாஷை வைத்திருந்தால், ரஸ்ட் கூடுதல் வேலையைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. மொழியோடு வருவதை அப்படியே வைத்து ஒப்பிடலாம், இல்லையென்றால் இரண்டையும் கசக்கிப் பிழிந்து எழுதி ஒப்பிடலாம். எனக்கு இரண்டும் சரிதான். ஒரு பக்கத்துக்கு மட்டும் நிபுணரின் கைவண்ணம் கிடைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது.

பில்டு, அதாவது நிரலை இயந்திரக் குறியீடாக மாற்றும் வேலையை, எப்படிச் செய்தார்கள் என்று கேட்க மறக்காதீர்கள். வேகப்படுத்தும் அமைப்புகளைப் போடாமல், ரஸ்டை ரிலீஸ் இல்லாமலும், சி பிளஸ் பிளஸை ஆப்டிமைசேஷன் இல்லாமலும் ஓட்டிவிட்டு மெதுவாக இருக்கிறது என்று புகார் சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வெறும் லூப்களை வைத்து அளப்பதை நான் நம்புவதில்லை. ஒன்றிலிருந்து நூறு கோடி வரை கூட்டும் லூப்பை கிளாங் என்ற சி கம்பைலரிடம் ஓ2 என்ற வேகப்படுத்தும் அமைப்பை வைத்துக் கொடுத்தால், அது லூப்பையே தூக்கிவிட்டுச் சூத்திரத்தைப் போட்டு விடையைத் தந்துவிடும். கம்பைலரின் கெட்டிக்காரத்தனம் அது. ஆனால் அந்த எண் லூப்பின் வேகத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

ஜாவாவைப் பற்றிப் பேச்சு வந்தால், எதற்காக அளக்கிறோம் என்று கேளுங்கள். ஜாவா நிரல்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட், முதலில் நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து ஓட்டும்; அடிக்கடி ஓடும் பகுதிகளைப் பிறகுதான் இயந்திரக் குறியீடாக மாற்றும். நொடியில் முடியும் கட்டளைக்கு அந்தத் தொடக்கச் செலவையும் எண்ண வேண்டும். நாள்கணக்கில் ஓடும் சர்வருக்கு அதைக் கழித்துப் பார்ப்பதுதான் முறை. பைத்தானின் கணித லைப்ரரியான நம்பையில் அணிகளைப் (எண் கட்டங்களை) பெருக்கிவிட்டுப் பைத்தானின் வேகம் என்று சொல்வதும் இப்படித்தான்: அங்கே உண்மையில் உழைப்பது, அணிக் கணக்குக்கென்றே வேறு மொழியில் எழுதிய பிஎல்ஏஎஸ் லைப்ரரி.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், வித்தியாசம் சில சதவீதம்தான் என்றால் நான் அமைதியாகிவிடுவேன். சூழல் மாறிகளின் (இயங்குதளம் நிரலுக்குக் கொடுக்கும் அமைப்புகளின்) மொத்த அளவு, ஆப்ஜெக்ட் கோப்புகளை (கம்பைலர் தரும் துண்டுகளை) இணைக்கும் வரிசை, இவை மாறினாலே நிரலின் வேகம் மாறும் என்று மிட்கோவிட்ஸும் சக ஆய்வாளர்களும் 2009-இல் காட்டினார்கள். சூடேறிய மடிக்கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் கதை வேறு இருக்கிறது. பலமுறை ஓட்டி, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாதாடும்போது “இது அநியாயம்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்த வரியை மாற்ற வேண்டும் என்று காட்டுங்கள்; மாற்றி, அதே கணினியில் இரண்டையும் மறுபடி ஓட்டி, இரண்டு எண்களையும் வையுங்கள். மாற்றிய பிறகும் உங்களுக்குப் பிடித்த மொழி அதே அளவு பின்தங்கியிருந்தால், அந்த எண்ணையும் மறைக்காமல் அங்கேயே எழுதிவிடுங்கள்.