புதிய பஸ் சேவையில் எத்தனை பேர் ஏறுவார்கள்? எக்செல்லில் போட்டுப் பார்க்கலாம்

2003 ஜூனில் சிங்கப்பூரின் வடகிழக்கு ரயில் பாதை திறந்தபோது, கட்டி முடித்த புவாங்கோக் நிலையம் பூட்டியே கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் போதிய ஆள் இல்லை என்றார்கள். 2005ல் யாரோ அட்டையில் வெள்ளை யானைகளைச் செய்து நிலையத்துக்கு அருகே நிறுத்திவிட்டார்கள்; ‘வெள்ளை யானை’ என்றால் பெரும் செலவில் கட்டிப் பயனின்றிக் கிடப்பது. 2006 ஜனவரியில் கதவு திறந்தது. அதே பாதையின் வுட்லீ நிலையம் 2011 வரை காத்திருந்தது. ஆகவே, கணக்கைத் தொடங்கும்போதே ‘எத்தனை பேர்’ என்பதோடு ‘எப்போது’ என்றும் கேளுங்கள்.

பயிற்சிக்கு, 2,000 வீடுகள் வரவிருக்கும் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையையும், அங்கிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு ஒரு பஸ்ஸையும் கற்பனை செய்துகொள்வோம்.

படி 1: ஜோடி தேடுங்கள்

புதிய பேட்டையைப் போன்ற பழைய பேட்டை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீடுகளின் அளவும் ரயில் நிலையத்துக்கான தூரமும் ஒத்துப்போனால் போதும். குடியிருப்பு நகரான பொங்கோலுக்குக் கடைவீதியான தேக்காவை (லிட்டில் இந்தியா) ஜோடியாக்கினால் கணக்கு கவிழ்ந்துவிடும். தேக்காவுக்கு ஞாயிறுதான் உச்சநாள்.

படி 2: தரவை இறக்குங்கள்

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தளத்தில் பதிவுசெய்தால், எந்த நிறுத்தத்தில் ஏறி எந்த நிறுத்தத்தில் இறங்கினார்கள் என்ற மாதாந்தரக் கோப்பு இலவசமாகக் கிடைக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் நாம் பயண அட்டையைத் தட்டுவதன் பலன் இது. இங்கே மூன்று பள்ளங்கள் உண்டு; மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

கோப்பில் இருப்பது ஒருநாள் எண்ணிக்கை அன்று. மாதத்தின் எல்லா வேலைநாள்களையும் சேர்த்து, மணிவாரியாகக் கொடுத்திருப்பார்கள். நாள்களால் வகுக்க மறந்தபோது, ஒரே நிறுத்தத்தில் காலை ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் ஏறுவதாக எனக்கு விடை வந்தது. அடுத்தது, 01012 என்ற நிறுத்த எண்ணை எக்செல் 1012 ஆக்கிவிடும். அந்த நெடுவரிசையை எழுத்து (Text) வடிவில் வைத்திருங்கள். கடைசியாக, கோப்பில் பஸ் எண் இருக்காது. எனவே எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய நிறுத்தங்களில் இறங்கியவர்களை மட்டும் வடிகட்டி எடுங்கள்.

டிசம்பர் மாதத்தைத் தொடாதீர்கள், பள்ளி விடுமுறை எண்ணிக்கையைக் கெடுத்துவிடும்.

படி 3: வீட்டுக்கு எத்தனை பயணம்

ஜோடிப் பேட்டையில் 1,000 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். வேலைநாள்களில் காலை 7 முதல் 8 மணிவரை, மாதம் முழுதும் 4,400 பயணங்கள். 22 வேலைநாள்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 200. அதாவது 1,000 வீட்டுக்கு 200 பேர். நம் 2,000 வீட்டுக்கு 400 பேர்.

படி 4: சாவி கைமாறும் வேகம்

அந்த 400 எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்த பிறகுதான். சாவி வாங்கியதும் எல்லாரும் குடிபுகுவதில்லை. புதுப்பிப்பு வேலைக்கே மாதங்கள் ஓடும். முதல் ஆண்டில் பாதி வீடுகள் நிரம்பும் என்று கொண்டால் 200 பேர். மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என மூன்று நிலைகளுக்கும் எழுதி வையுங்கள். ஒற்றை எண்ணோடு வருகிறவரை நான் நம்புவதில்லை.

படி 5: பஸ்ஸாக மாற்றுங்கள்

ஒற்றைமாடி பஸ்ஸுக்கு 80 பேர் என்று கொண்டால், 400 பேருக்கு மணிக்கு 5 பஸ், 12 நிமிடத்துக்கு ஒன்று. 200 பேருக்கு 3 பஸ் போதும், 20 நிமிடத்துக்கு ஒன்று. ஆனால் 20 நிமிடம் காத்திருக்கச் சொன்னால் பாதிப் பேர் நடந்தே போய்விடுவார்கள், எண்ணிக்கை இன்னும் சரியும். தொடக்கத்தில் சில பஸ்கள் காலியாக ஓடினாலும் இடைவெளியைக் குறைத்து வைப்பதே என் கட்சி. பக்கத்தில் ஏற்கெனவே ஓடும் பஸ்ஸிலிருந்து மாறி வருகிறவர்களைத் தனி வரிசையில் எழுதுங்கள். அவர்கள் புதிய பயணிகள் அல்லர்.

படி 6: நடந்து பாருங்கள்

வரைபடத்தில் நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போடுவது வழக்கம். காலை ஏழரைக்கு அந்த வட்டத்துக்குள் ஒருமுறை நடந்துவிடுங்கள். குறுக்கே கால்வாய் ஓடிப் பாலம் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அக்கரை அடுக்குமாடி புளோக்குகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.